கேள்வி நேரம்: வழுவழுப்புக்குள் நடக்கிற வேலை

போன இதழில் பயோஃபிலிம் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். பாக்டீரியாக்கள் ஏதாவது ஒரு பரப்பில் ஒட்டிக்கொண்டு, தாங்களே சுரக்கும் பசைக்குள் கூட்டமாகக் குடியிருப்பதற்கு அந்தப் பெயர். குடியேறிய பிறகு அவற்றின் மரபணுக்களில் எது வேலை செய்கிறது, எது சும்மா இருக்கிறது என்பதே மாறிவிடும் என்றும் சொல்லியிருந்தேன். அந்த நாலு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஆசிரியரிடம் கேட்டு இந்த மாதப் பக்கங்கள் முழுவதையும் அதற்கே எடுத்துக்கொண்டேன். தைராய்டு மாத்திரை பற்றியும் கரையான் பற்றியும் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

*கேள்வி (இல்லத்தரசி, காரைக்குடி): பிளாஸ்டிக் குடத்தின் உள்பக்கத்தைத் தொட்டால் வழுவழுவென்று இருக்கிறது. குளோரின் மாத்திரை போட்டு வைத்தாலும் சீக்கிரமே திரும்ப வந்துவிடுகிறது. கிருமிகள் மருந்துக்குப் பழகிப்போய்விட்டனவா?*

பழகவில்லை. அந்த வழுவழுப்பைச் சுரண்டி எடுத்து, பாக்டீரியாக்களைத் தனித்தனியாகப் பிரித்து, அதே குளோரினைக் காட்டினால் பெரும்பாலானவை செத்துப்போகும். சேர்ந்து ஒட்டியிருக்கும்போதுதான் தப்பிக்கின்றன. குளோரின் முதலில் மேலே இருக்கிற பசையோடு வினைபுரிந்து அங்கேயே தீர்ந்துவிடும். அடியில் இருப்பவர்களுக்குப் போய்ச் சேர்வது சொற்பம்.

இதை முதலில் பார்த்துச் சொன்னவர் 1680களில் வாழ்ந்த ஒரு துணி வியாபாரி. ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரத்து லேவன்ஹூக், தன் பல்லில் படிந்த வெள்ளை மாவைச் சுரண்டித் தானே தேய்த்துச் செய்த லென்ஸின் கீழ் வைத்துப் பார்த்தார். உள்ளே உயிர்கள் ஓடிக்கொண்டிருந்தன. வினிகரால் வாயைக் கழுவினால் அந்தப் படிவின் மேல்புறத்தில் இருப்பவை மட்டுமே சாகின்றன, வினிகர் உள்ளே ஊடுருவுவதில்லை என்று லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். உங்கள் குடத்துப் பிரச்சினையும் அதுதான்.

முதலில் தேங்காய் நாரோ பிரஷ்ஷோ கொண்டு அழுத்தித் தேய்த்துக் கழுவுங்கள். குளோரின் அதற்குப் பிறகு. தேய்க்காமல் மாத்திரையை மட்டும் கூட்டிப் போட்டால் தண்ணீர்தான் நாறும்.

*கேள்வி (பிளஸ் டூ மாணவன், தென்காசி): டீச்சர், பாக்டீரியாவுக்குக் கண் இல்லை, நரம்பு இல்லை. ஒரு பரப்பில் ஒட்டிவிட்டோம் என்று அதற்கு எப்படித் தெரியும்? தெரிந்து என்ன செய்யும்?*

நல்ல கேள்வி தம்பி. இந்தத் துறையே பல வருஷம் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் வந்தது.

சூடோமோனாஸ் ஏருஜினோசா என்று ஒரு பாக்டீரியா. மண்ணில் இருக்கும், தண்ணீர்க் குழாயில் இருக்கும், தீக்காயத்திலும் வந்து உட்காரும். அதன் மரபுத்தொகுதியை 2000-இல் முழுவதும் படித்து வெளியிட்டார்கள். சுமார் 63 லட்சம் எழுத்துகள், 5,570 மரபணுக்கள். இவ்வளவையும் ஒரே நேரத்தில் இயக்க எந்த பாக்டீரியாவுக்கும் கட்டுப்படியாகாது. நீந்துகிற நேரத்தில் ஒரு பகுதி ஓடும், உட்கார்ந்த பிறகு வேறு பகுதி ஓடும்.

அதன் உடம்பின் ஒரு முனையில் சுழலும் வால் ஒன்று இருக்கிறது. நீந்தி வந்து பரப்பில் மோதும்போது பெரும்பாலும் ஒரு முனையால்தான் ஒட்டும். நுண்ணோக்கியில் பார்த்தால் அந்த முனையை வைத்துக்கொண்டே சுற்றிச் சுற்றி வருவது தெரியும். பல அப்படியே கிளம்பிப் போய்விடும். சில மட்டும் படுக்கைவாட்டில் சாய்ந்துவிடும். சாய்ந்தது லேசில் எழுந்து போவதில்லை.

பரப்பைத் தொட்டதும் செல்லின் உறையில் இருக்கும் சில புரதங்கள் அதை உணர்ந்து உள்ளே தகவல் அனுப்புகின்றன. அந்தத் தகவல் சைக்ளிக்-டை-ஜிஎம்பி என்ற சின்ன மூலக்கூறாக உற்பத்தியாகிறது. செல்லில் சாதாரணமாகவே இருக்கும் ஜிடிபி (GTP) என்ற மூலக்கூறு இரண்டை வளையமாக இணைத்தால் கிடைப்பது. 1987-இல் ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகத்தில் மோஷே பென்ஸிமன் குழு இதைக் கண்டுபிடித்தபோது அவர்கள் பயோஃபிலிமைத் தேடவே இல்லை. செல்லுலோஸ் நூற்கும் ஒரு பாக்டீரியாவில் அந்த நூற்பை முடுக்கிவிடுவது எது என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இது எத்தனையோ பாக்டீரியாக்களுக்குப் பொதுவான உத்தரவு என்பது பிறகுதான் தெரிந்தது. அளவு ஏறினால் உட்கார், இறங்கினால் நீந்து.

இந்த உத்தரவு மரபணு வரைக்கும் எப்படிப் போகிறது என்பதற்கு சூடோமோனாஸில் ஃபிளெக்யூ என்ற புரதத்தைப் பார். டிஎன்ஏ மேல் உட்கார்ந்திருக்கும். சைக்ளிக்-டை-ஜிஎம்பி குறைவாக இருக்கும்போது வால் தயாரிக்கும் மரபணுக்களை ஓடவிட்டு, பெல் என்ற பசையைத் தயாரிக்கும் மரபணுக்களை அமுக்கி வைத்திருக்கும். சைக்ளிக்-டை-ஜிஎம்பி ஏறி இந்தப் புரதத்தோடு ஒட்டியதும் பசை மரபணுக்களின் மேல் இருந்த பிடி தளரும், வால் வேலை மந்தமாகும். ஒரே புரதம் இரண்டு பக்கத்தையும் பார்த்துக்கொள்கிறது. நரம்பு தேவைப்படவில்லை.

ஒட்டிய பிறகு மரபணு வேலை மாறுகிறது என்பதை நேரடியாகக் காட்டிய ஆரம்ப ஆய்வுகளில் ஒன்று 1993-இல் வந்தது. ஏஎல்ஜி-சி என்ற பசை மரபணுவின் இயக்கப் பகுதியோடு, அது இயங்கினால் அடையாளம் காட்டும் இன்னொரு மரபணுவைச் சேர்த்துவிட்டுக் கவனித்தார்கள். மிதப்பவற்றைவிட ஒட்டியவற்றில் அது அதிகமாக ஓடியது. எழுதியவர்கள் டேவிட் டேவிஸ், கில் கீஸி, அப்புறம் ஆனந்த சக்ரவர்த்தி. இந்தக் கடைசிப் பெயர் உன் பாடப்புத்தகத்தில் இருக்கலாம். எண்ணெய் தின்னும் பாக்டீரியாவுக்குக் காப்புரிமை கேட்டு, 1980-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்த அதே வங்காளத்துக்காரர்.

கடைசியாக ஒன்று. ஒட்டினால் மட்டும் போதாது, சுற்றிலும் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதும் தெரிய வேண்டும். ஒவ்வொன்றும் ஒரு சமிக்ஞைப் பொருளைக் கசியவிடும். கூட்டம் கூடக்கூட அது அடர்த்தியாகி, இன்னொரு தொகுதி மரபணுக்கள் விழிக்கும். 1998-இல் இதே டேவிஸும் மற்றவர்களும் அந்தச் சமிக்ஞையைத் தயாரிக்க முடியாத சூடோமோனாஸை வளர்த்தார்கள். ஒட்டியது, பெருகியது. ஆனால் மேடும் பள்ளமுமாக உயராமல் தட்டையாகவே கிடந்தது. லேசான சோப்புக் கரைசல் பட்டதும் கலைந்து போய்விட்டது.

*கேள்வி (சேலத்திலிருந்து ஒரு மகன்): என் தந்தைக்குச் சிறுநீர்க் குழாய் போட்டிருக்கிறது. ஆண்டிபயாடிக் கொடுத்தால் காய்ச்சல் நிற்கிறது, நிறுத்தினால் திரும்ப வருகிறது. மருந்தை மாற்றாமல் குழாயை மாற்றச் சொல்கிறார் டாக்டர். சரிதானா?*

சரிதான். அவரைச் சந்தேகிக்க வேண்டாம்.

குழாயின் சுவரில் பயோஃபிலிம் பிடித்திருந்தால் மருந்து ரத்தத்திலும் சிறுநீரிலும் மிதப்பவற்றைக் கொல்லும், காய்ச்சல் அடங்கும். சுவரில் இருப்பவை பிழைத்துக்கொண்டு பிறகு மறுபடி விதைக்கும். பசை தடுப்பதால்தான் பிழைக்கின்றன என்று முன்பு நாங்களும் வகுப்பில் சொல்லிக்கொடுத்தோம். அது பாதிக் கதை. பல மருந்துகள் பசைக்குள் போய்விடுகின்றன, ஆனாலும் உள்ளே இருப்பவை சாவதில்லை. காரணங்களில் ஒன்று, ஆழத்தில் ஆக்ஸிஜன் குறைவு என்பதால் அங்கே வளர்ச்சி மரபணுக்கள் அடங்கிக் கிடக்கும். பென்சிலின் வகை மருந்து செல் சுவர் கட்டும் வேலையைக் கெடுத்துக் கொல்வது. கட்டுமானமே நடக்காத இடத்தில் அதற்கு என்ன வேலை?

இன்னொரு காரணத்தை 2003-இல் ஜார்ஜ் ஓ'டூல் குழு நேச்சர் இதழில் வெளியிட்டது. சூடோமோனாஸில் என்டிவி-பி என்ற மரபணு. மிதந்து திரியும்போது பெரும்பாலும் தூங்குகிறது, பயோஃபிலிமில்தான் நன்றாக விழித்துக்கொள்கிறது. அது தயாரிக்க உதவும் வளையச் சர்க்கரைகள் டோப்ராமைசின் மருந்தைச் செல்லின் வெளிச்சுற்றிலேயே பிடித்து வைத்துக்கொள்கின்றன. உள்ளே போய்த் தாக்க மருந்து மிஞ்சுவதில்லை. அந்த மரபணுவை எடுத்துவிட்ட பாக்டீரியாவும் பார்வைக்கு அதே மாதிரி பயோஃபிலிம்தான் கட்டியது. மருந்து பட்டதும் முன்போலத் தாங்கவில்லை. கோட்டைச் சுவர் அப்படியே நிற்க, காவல் மட்டும் போய்விட்டது.

சிறுநீர்க் குழாயில் புரோட்டியஸ் மிராபிலிஸ் என்ற பாக்டீரியாவும் குடியேறும். யூரியாவை உடைத்து அமோனியா உண்டாக்கி, சிறுநீரைக் காரமாக்கி, உப்புப் படிகங்களைச் சேர்த்துக் குழாயையே அடைத்துவிடும். அதனால் பழைய குழாயை வைத்துக்கொண்டு புதுப்புது மருந்தாக மாற்றுவதில் பலன் குறைவு. குளிரோ காய்ச்சலோ வந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பத்திரிகைக்குக் கடிதம் எழுதிக் காத்திருக்கிற விஷயம் இல்லை இது.

*கேள்வி (ஆராய்ச்சி மாணவி, கோவை): மேடம், பயோஃபிலிமில் 1 சதவீத மரபணுக்கள்தான் மாறுகின்றன என்று ஒரு பேப்பர் சொல்கிறது. பாதிக்கு மேல் மாறுகிறது என்கிறது இன்னொன்று. இரண்டும் சூடோமோனாஸ்தான். தீசிஸில் எதை எழுதுவது?*

இந்த மாதம் எனக்குப் பிடித்த கடிதம் இதுதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நீங்கள் சொல்லும் முதல் பேப்பர் 2001-இல் நேச்சரில் வந்தது. மார்வின் வைட்லி, பீட்டர் கிரீன்பெர்க் முதலானோர் எழுதியது. பல மரபணுக்களை ஒரே தடவையில் பார்க்கும் மரபணுச் சில்லில், மரபணு இயங்கும்போது உண்டாகும் நகலான ஆர்என்ஏவை அளந்தார்கள். மாறியவை 73 மரபணுக்கள், அதில் 34 ஏறின, 39 இறங்கின. இரண்டாவது அடுத்த வருஷம் கரின் சவர், டேவிஸ் முதலானோர் வெளியிட்டது. அவர்கள் அளந்தது புரதத்தை. மிதக்கும் நிலையையும் முதிர்ந்த பயோஃபிலிமையும் ஒப்பிட்டபோது, கண்ணுக்குச் சிக்கிய புரதங்களில் பாதிக்கு மேல் ஆறு மடங்கோ அதற்கு மேலோ வித்தியாசம் காட்டின. 800-க்கும் அதிகமான புரதங்கள். நடுவில் இன்னொன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். 1999-இல் பிரெஞ்சுக் குழு ஒன்று ஈ. கோலி பாக்டீரியாவில் அடையாள மரபணு சேர்த்துச் சோதித்த இணைப்புகளில் 38 சதவீதம் மாறியதாகச் சொன்னது.

யாரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவர் கேட்டதும் வேறு கேள்வி. பயோஃபிலிமை எதோடு ஒப்பிடுகிறோம்? உணவு தீர்ந்து சோர்ந்த குடுவைக் கல்ச்சரோடு ஒப்பிட்டால் வித்தியாசம் சுருங்கும், ஏனென்றால் பயோஃபிலிமுக்குள்ளும் பாதிப் பேர் அதே சோர்வில் இருக்கிறார்கள். ஆரோக்கியமாகப் பெருகும் கல்ச்சரோடு ஒப்பிட்டால் விரியும். ஆர்என்ஏவை அளக்கிறோமா, புரதத்தையா? பாக்டீரியாவின் தூது ஆர்என்ஏ பெரும்பாலும் சில நிமிஷங்களில் சிதைந்துவிடும். புரதம் தங்கும். முதலாவது இந்தக் கணத்து உத்தரவு, இரண்டாவது சேர்ந்துபோன கையிருப்பு. எத்தனை மடங்கு மாறினால் மாற்றம் என்று கணக்கு வைக்கிறோம்? எந்த நாளில் அளக்கிறோம்? சவர் குழு ஒரே தடவை எடுத்து நிறுத்தவில்லை. லேசாக ஒட்டிய நிலை, இறுக ஒட்டிய நிலை, முதிர்ச்சியில் இரண்டு படி, கலைந்து போகும் நிலை என்று ஐந்து கட்டமாகப் பார்த்தார்கள். கட்டத்துக்குக் கட்டம் புரதப் பட்டியல் மாறியது.

என்னைக் கேட்டால் 2001 பேப்பரில் அந்த 1 சதவீதத்தைவிட ருசியான சங்கதிகள் இருக்கின்றன. மிக அதிகமாக ஏறிய மரபணுக்களில் பல, பாக்டீரியாவின் டிஎன்ஏவுக்குள் பதுங்கியிருந்த ஒரு வைரஸுடையவை. வால், இழை ஆகியவற்றின் மரபணுக்கள் இறங்கியிருந்தன, அது எதிர்பார்த்ததுதான். பசிக்கும் கஷ்டத்துக்கும் ஈடுகொடுக்க உதவும் ஆர்பிஓ-எஸ் மரபணு இறங்கியிருந்ததுதான் ஆச்சரியம். அதையே நீக்கிப் பார்த்தார்கள், பயோஃபிலிம் இன்னும் தடியாக வளர்ந்தது. எண்ணை மட்டும் மேற்கோள் காட்டுபவர்கள் இந்தப் பக்கங்களைப் புரட்டினார்களா என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம்.

இனி உங்கள் வேலை மேஜைக்கு வருவோம். நீங்கள் ஆர்என்ஏ எடுக்கும் முறையை எழுதியிருந்தீர்கள். பயோஃபிலிமை முதலில் வழித்துவிட்டுப் பிறகு நிலைநிறுத்தும் கரைசலில் போடுகிறீர்கள். வரிசையை மாற்றுங்கள். கரைசலை முதலில் ஊற்றுங்கள், பிறகு வழியுங்கள். ஸ்கிரேப்பரால் சுரண்டுவதே அவற்றுக்கு ஒரு தாக்குதல். சில நிமிஷம் விட்டால் பயோஃபிலிமின் மரபணு வேலையை விட்டுவிட்டு, சுரண்டலுக்குப் பதறிய பாக்டீரியாவின் மரபணு வேலையை அளந்துகொண்டிருப்பீர்கள். அப்புறம் அந்தப் பசை. ஆல்கஹால் ஊற்றிச் சுழற்றியதும் குழாயின் அடியில் மெல்லிய வெள்ளைப் புள்ளியாக ஆர்என்ஏ படிய வேண்டும். பயோஃபிலிமில் சர்க்கரைப் பசையும் கூடவே இறங்கி, கண்ணாடி மாதிரி தெளிந்த ஜெல்லியாக நிற்கும். பிப்பெட் முனையால் தொட்டால் சுவரில் வழுக்கிக்கொண்டு மேலே ஏறும், தண்ணீரில் கரையாது, ஆர்என்ஏவைச் சுத்தம் செய்யும் வடிகுழலில் ஊற்றினால் அடைக்கும். நானோடிராப் என்ற அளவுக் கருவியில், புரதக் கலப்பைக் காட்டும் 260/280 அழகாக இருக்கும், சர்க்கரை போன்ற கலப்பைக் காட்டும் 260/230 மட்டும் தரைக்குப் போய்விடும். அந்த இரண்டாவது எண்ணைப் பார்க்காமல் சீக்வென்சிங்குக்கு அனுப்பினால் பணம்தான் விரயம்.

ஆனால் எவ்வளவு சுத்தமாக எடுத்தாலும் ஒரு குறை நிற்கிறது. மேலே காற்று படுகிற பாக்டீரியாவையும் அடியில் மூச்சுமுட்டுகிற பாக்டீரியாவையும் ஒரே குழாயில் கலக்கிவிட்டோம். வாழையிலையில் பரிமாறிய கல்யாண விருந்தை அப்படியே மிக்ஸியில் அடித்து, ஒரு ஸ்பூன் ருசி பார்த்து, "உப்பு சரியாக இருக்கிறது" என்று சொல்வது போன்றது இது. பாயசத்தில் உப்பே இல்லை, ஊறுகாயில் அள்ளிப் போட்டிருக்கிறது என்பதெல்லாம் அந்த ஸ்பூனில் தெரியாது. ஒரு மரபணு மேலே ஒன்றரை மடங்காக ஏறி, கீழே பாதியாக இறங்கியிருந்தால் உங்கள் பட்டியலில் "மாற்றம் இல்லை" என்றுதான் வரும்.

இதைத் தாண்டி வந்த வேலை 2021-இல் சயன்ஸ் இதழில் வெளியானது. கலிஃபோர்னியாவின் கால்டெக்கில் டயான் நியூமன், லாங் சாய் இருவரின் குழுக்கள் செய்தது. எதையும் அரைக்கவில்லை. பாக்டீரியாக்களை இருந்த இடத்திலேயே நிறுத்திவைத்து, ஒவ்வொரு மரபணுவின் ஆர்என்ஏவுக்கும் ஒளிரும் அடையாளத்தைச் சுற்றுச் சுற்றாக ஒட்டிப் படம் எடுத்தார்கள். 105 மரபணுக்கள், ஏறக்குறைய 6 லட்சம் சூடோமோனாஸ் செல்கள். சில மைக்ரான் தள்ளி இருக்கும் அண்டைவீட்டுக்காரர்கள் வேறு வேறு பிழைப்பு நடத்திக்கொண்டிருந்தது அதில் தெரிந்தது. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

ஆகவே தீசிஸில் "பயோஃபிலிமில் இத்தனை சதவீத மரபணுக்கள் மாறுகின்றன" என்ற வாக்கியத்தையே எழுதாதீர்கள். எந்த வயதுப் படலம், அதில் எந்த இடம், எதோடு ஒப்பீடு, அளந்தது ஆர்என்ஏவா புரதமா, இவை நாலும் இல்லாமல் அந்த எண்ணுக்கு அர்த்தம் கிடையாது. தேர்வாளர் "மொத்தத்தில் எவ்வளவும்மா?" என்று கேட்பார். இந்த நாலையும் அவரிடமே திருப்பிக் கேளுங்கள்.

*கேள்வி (ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், சென்னை): பாக்டீரியாப் படலம் கருவைப் போல வளர்கிறது என்று ஒரு செய்தி படித்தேன். வழக்கமான பத்திரிகை மிகைதானே?*

பத்திரிகைக்காரர்கள் மேல் பழி போடாதீர்கள் அய்யா, இந்த முறை விஞ்ஞானிகளே தலைப்பில் அப்படித்தான் வைத்தார்கள். குரோவேஷியாவின் ஸாக்ரெப் நகரத்தில் டோமிஸ்லாவ் டோமாஸெட்-லோஷோ குழு 2021-இல் வெளியிட்ட ஆய்வு அது. மண்ணில் வாழும் பேசில்லஸ் சப்டிலிஸை வளர்த்து, 6 மணி நேரத்தில் தொடங்கி 2 மாதம் வரை பல கட்டங்களில் மரபணு வேலையைப் பதிவு செய்தார்கள். பிறகு ஒவ்வொரு மரபணுவுக்கும் பரிணாம வயது கணித்தார்கள். எல்லா உயிரிலும் இருப்பது பழையது, பேசில்லஸ் வம்சத்தில் மட்டும் இருப்பது புதியது. படலம் முதிர முதிர, பரிணாமத்தில் இளைய மரபணுக்களின் பங்கு கூடிக்கொண்டே போனது. விலங்குக் கருக்களின் வளர்ச்சியிலும் மரபணு வயதுக்கும் வளர்ச்சிக் கட்டத்துக்கும் தொடர்பு தென்படுவதால் அந்த ஒப்பீடு.

இந்தப் பாக்டீரியாவை அகார் தட்டில் வளர்த்துப் பார்த்தவர்களுக்கு அந்த ஒப்பீடு ஏன் தோன்றியது என்று புரியும். முதல் நாள் வெறும் மழமழப்பான வட்டம். போகப் போக நடுவில் மடிப்பு விழுந்து, சுருக்கங்கள் கைரேகை மாதிரி ஓரம் நோக்கி ஓடும். லூப்பால் கிளப்பினால் தோலாக உரிந்து வரும். மேலே ஒரு சொட்டு தண்ணீர் விட்டால் நனைக்காமல் உருண்டையாக நிற்கும். பிஎஸ்எல்-ஏ என்ற புரதம் படலத்தின் மேல் மழைக்கோட்டாகப் படர்ந்திருப்பதால் அப்படி. ஆய்வுக்கூடங்களில் தலைமுறை தலைமுறையாகச் சொகுசாக வளர்ந்த 168 என்ற வகைக்கு இந்தச் சுருக்கம் வராது. 3610 என்ற காட்டு வகைக்குத்தான் வரும்.

உள்ளே நடப்பது இது. சின்-ஆர் என்ற புரதம் பசை மரபணுக்களை அமுக்கி வைத்திருக்கிறது. நெருக்கடி கூடும்போது ஸ்போ-0-ஏ என்ற புரதம் லேசாகத் தூண்டப்பட்டு, சின்-ஐ என்ற இன்னொன்றைத் தயாரிக்கச் சொல்லும். சின்-ஐ போய் சின்-ஆரைப் பிடித்துக்கொள்ளும், பசை மரபணுக்கள் விடுபடும். அதே ஸ்போ-0-ஏ இன்னும் பலமாகத் தூண்டப்பட்டால் செல், கஷ்டகாலத்தைத் தாங்கி உறங்கும் வித்தாக மாறத் தொடங்கும். ஆனால் எல்லாச் செல்லும் ஒன்றாகத் திரும்புவதில்லை. 2008-இல் ஹார்வர்டில் ஹெரா விளாமாகிஸ், ராபர்ட்டோ கோல்ட்டர் முதலானோர் நீந்துபவை, பசை தயாரிப்பவை, வித்தாகுபவை மூன்றுக்கும் தனித்தனி நிறத்தில் ஒளிரும் அடையாளம் வைத்துப் பார்த்தார்கள். மூன்றும் படலத்தின் வெவ்வேறு இடங்களில் இருந்தன. பசை தயாரித்தவை சில பிறகு வித்தாக மாறுவதும் தெரிந்தது.

என் அபிப்பிராயம்: ஒழுங்கு இருக்கிறது, கரு இல்லை. சற்று வளர்ந்த கருவில் ஒரு செல் தனியாகப் பிரிந்து போய்ப் பிழைக்க முடியாது. இங்கே எந்த பாக்டீரியாவும் எழுந்து போய்ப் புதுக் குடித்தனம் தொடங்கலாம். மரபணு வயதுக் கணக்கு சுவாரசியமானது. இன்னும் நாலு வகை பாக்டீரியாவிலாவது அதே போக்கு தெரிந்தால் என் தயக்கத்தை விடுவேன்.

*கேள்வி (ஊராட்சிப் பள்ளி ஆசிரியர், கடலூர்): வங்காளதேசத்தில் பழைய சேலையில் தண்ணீர் வடிகட்டிக் காலராவைக் குறைத்தார்களாமே. காலராக் கிருமி துணியின் துளையைவிடச் சின்னது அல்லவா?*

சின்னதுதான். தனியாக நீந்தும் விப்ரியோ காலரே துணியில் சுலபமாகப் புகுந்துவிடும். ஆனால் ஆற்றிலும் குளத்திலும் அது பெரும்பாலும் தனியாக இருப்பதில்லை. கோப்பிபாட் என்ற பொடி நீர்ப்பூச்சிகளின் ஓட்டில் படலமாகக் குடியிருக்கும். பூச்சி துணியில் சிக்கினால் கூட்டமும் சிக்கும். ரீட்டா கோல்வெல் குழு மத்லப் பகுதிக் கிராமங்களில் மூன்று வருஷம் நடத்திய ஆய்வு 2003-இல் வெளியானது. பழைய பருத்திச் சேலையை மடித்து வடிகட்டிய வீடுகளில் காலரா 48 சதவீதம் குறைந்தது. புதுச் சேலை உதவாது. துவைத்துத் துவைத்து நூல் பஞ்சாகி இடைவெளி சுருங்கிய சேலைதான் வேண்டும்.

மரபணுப் பக்கம் பார்த்தால் காலராக் கிருமி சூடோமோனாஸுக்கு நேர் எதிர். சூடோமோனாஸில் கூட்டம் கூடினால் படலம் எழும்பும் என்றேன். காலராவில் ஆள் குறைவாக இருக்கும்போதுதான் பசை மரபணுக்கள் ஓடும். கூட்டம் மிகும்போது ஹேப்-ஆர் என்ற புரதம் எழுந்து அவற்றை அடக்கி, கலைந்து போக வழி செய்யும். குடலில் பெருகித் தண்ணீராய் வெளியேறி அடுத்த ஆளைத் தேடும் கிருமிக்கு அது வசதி. கூட்டம் என்ற ஒரே செய்திக்கு இரண்டு பாக்டீரியா இரண்டு விதமாக நடந்துகொள்கிறது. "கூட்டச் சமிக்ஞையைத் தடுத்தால் பயோஃபிலிம் ஒழியும்" என்று பொத்தாம்பொதுவாக விளம்பரம் செய்யும் பொருட்களை இதனால்தான் நான் நம்புவதில்லை.

*கேள்வி (எம்.எஸ்ஸி. மாணவர், தஞ்சாவூர்): பயோஃபிலிம் பரிசோதனையில் கிரிஸ்டல் வயலட் கையில் ஊற்றிக்கொண்டுவிட்டேன். எப்படிப் போக்குவது? அடுத்த வாரம் எனக்கு நிச்சயதார்த்தம்.*

வாழ்த்துகள். சோப்பும் தண்ணீரும் போட்டு நன்றாகக் கழுவிவிட்டு, பஞ்சில் கொஞ்சம் ஸ்பிரிட் நனைத்துத் துடையுங்கள், நிறம் மங்கும். மிச்சம் தோல் உரிய உரியத் தானாகப் போகும். பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்க்க வேண்டாம், தோல் வெந்துவிடும். அந்தச் சாயம் உடம்புக்கு நல்லதல்ல, இனிமேல் கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

96 குழித் தட்டில் வளர்த்து, மிதப்பதைக் கொட்டிக் கழுவி, ஒட்டியதைச் சாயமேற்றி, அசிட்டிக் அமிலத்தில் கரைத்து அளக்கும் அந்த முறையை 1998-இல் பிரபலமாக்கியவர்கள் ஓ'டூலும் கோல்ட்டரும். மலிவு, வேகம், எந்தக் கல்லூரியிலும் செய்யலாம். எவ்வளவு ஒட்டியது என்பதை அது சொல்லும். உங்கள் ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் "பயோஃபிலிம் மரபணுக்கள் தூண்டப்பட்டன" என்று ஒரு வரி இருக்கிறது. நீங்கள் அளந்தது சாயத்தைத்தான். அந்த வரியை அடித்துவிட்டுக் கொடுங்கள்.